வேப்பிலைப் பச்சை

எங்க பக்கத்து மாரியம்மன் நோம்பியில எத்தனை நிறத்துல வாணம் விட்டாலும், அம்மன் தேர் நிலைக்கு வந்து நின்னதும் கடைசியா மேலே போறது பச்சையாத்தான் இருக்கணும். வேப்பிலைப் பச்சை. அது சரியா விரிஞ்சா கூட்டம் கும்பிட்டுக் கலையும். சரியா விரியலேன்னாலும் கலையும், ஆனா பேசிக்கிட்டே கலையும்.

போன வருசம் பேசிக்கிட்டே கலைஞ்சுது. கலீல் பாயோட வாணக் கொட்டகையில நாங்க செஞ்ச பச்சை மேலே போய் வெடிச்சு, பழுத்த எலுமிச்சை நிறத்துல உதிர்ந்து விழுந்துச்சு. கோயில் கமிட்டியில முன்னால நிக்கிற குருமூர்த்தி கையில மைக் இருந்தது. "ஏனுங்க பாய், அம்மனுக்கு வேப்பிலை கேட்டமுங்க. நீங்க காமாலையக் காட்டிப் போட்டீங்க"ன்னார். ஊரே சிரிச்சுது. பாயும் கூடச் சேர்ந்து சிரிச்சார்.

வெண்ணந்தூருக்கு வெளியே, சோளக்காட்டுக்கு நடுவுல, லைசென்ஸ் வாங்கின கொட்டகை அது. பாய் சேலத்திலிருந்து மோட்டார் சைக்கிள்ல வருவார். நானும் என் சம்சாரம் சாலம்மாளும் அங்க வேலை. லாரியில மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போன பொறகு நான் இந்த வேலைக்கு வந்தேன். வெடிமருந்து சலிக்கிறது, பிசையறது, உருட்டிக் காயப்போடறது, நோம்பியில வாணத்தைப் பத்தவைக்கிறது எல்லாம் நான்தான். சாலம்மாள் காகிதக் கூடு சுத்துவா, கொட்டகையைக் கூட்டுவா. பச்சைக்குப் போடற மருந்துக்கு இப்போ தடை வந்துட்டுது. நான் சொல்றது அதுக்கு முந்தின காலம்.

இந்தத் தடவை பூச்சாட்டி நோம்பியைத் தொடங்கறதுக்கு முன்னாலயே குருமூர்த்தி கொட்டகைக்கு வந்துட்டார்.

"பாய், கமிட்டியில ஒருத்தரும் உங்க பக்கம் பேசலைங்க. நான்தான் ஒரு வாட்டி பாத்துப் போடலாம்னேன். பூச்சாட்டு அன்னைக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால ஒரே ஒரு பச்சை விடுங்க. வேப்பிலையா வந்தா நோம்பி உங்களுது. காமாலையா வந்தா டவுன்ல பெட்டி வாணம் வாங்கிக்கறோம். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"கோவம் என்னங்க," ன்னார் பாய். ஆனா குருமூர்த்தி போன பொறகு என்கிட்ட சொன்னார்: "சுப்பையா, இந்த ஊர் நோம்பி போச்சுன்னா சுத்துப்பட்டு நோம்பி எல்லாம் பின்னாலயே போயிரும். கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்."

முந்தியெல்லாம் நல்லா வந்த பச்சை ஏன் கெட்டதுன்னு அவர் யோசிக்க ஆரம்பிச்சார். ஒருநாள் டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போய், கேஸ் அடுப்புல எரிஞ்ச நீலத் தீயில ஒரு சிட்டிகை உப்பைப் போட்டார். தீ சடார்னு மஞ்சளா எந்திரிச்சுது. கடைக்காரர் பால் சட்டியைத் தூக்கிக்கிட்டு, "பாய், எங்கடையிலயா வாணம் விடறீங்க?"ன்னார்.

"பார்த்தியா? இதான்," ன்னார் பாய் என்கிட்ட. "சிவப்பு கொஞ்சம் பொறுத்துக்கும். பச்சை பொறுக்காது. சோத்துல போடற உப்பு துளி கலந்தாலும் மஞ்சள் எந்திரிச்சுப் பச்சையை முழுங்கிரும். நம்ம மருந்துல எங்கிருந்தோ உப்பு ஏறுது."

முதல்ல போர்த்தண்ணி மேல சந்தேகம் வந்துச்சு. எங்க போர்த்தண்ணியில பருப்பு வேகாது. அதனால மருந்து பிசையக் கேன் தண்ணியை வண்டியில வச்சுக் கொண்டாந்தார். அப்பவும் மஞ்சள்தான். அடுத்தது என் வேர்வை. நெத்தியில துண்டு, கையில முழங்கை வரைக்கும் உறை, மேலே முழுக்கைச் சட்டை. பங்குனி வெயில்ல அந்தக் கோலத்துல நான் உக்காந்திருக்கறதைப் பார்த்து, "பொண்ணு பாக்கப் போறீங்களா?"ன்னு சாலம்மாள் கேட்டா. அப்பவும் மஞ்சள். மத்தியானச் சோத்துக்கு ஊறுகாய் தொடக்கூடாதுன்னார் பாய்.

"ஊறுகாய் இல்லாம பழைய சோறு திங்கற பாவத்துக்காச்சும் பச்சை வரோணும்," ன்னா இவ.

வரலை. சாயங்காலம் காட்டுல ஒரு உருண்டையை வச்சுக் கொளுத்திப் பார்ப்போம். நாளுக்கு நாள் மஞ்சள் கூடிக்கிட்டே வந்துச்சு. எத்தனை சுத்தமா இருந்தமோ அத்தனைக்கு மோசமாச்சு.

சாலம்மாள் கூட்டிப் பெருக்கறதுக்காக எனக்கு முன்னாலயே கொட்டகைக்குப் போயிருவா. நான் ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போட்டுட்டுப் பின்னால வருவேன். ஒரு நாள் ஆடு தழை தின்னாம படுத்திருந்தது. அதைச் சொல்லலாம்னு நான் வெள்ளனவே போனேன். உள்ள சாலம்மாள் பச்சை மருந்துச் சட்டியை மூடியிருந்த துணியை விலக்கிட்டு நின்னிருந்தா. முந்தின நாள் நான் சலிச்சு வச்ச மருந்து. வலது கையை இறுக்கி மூடி, சட்டிக்கு மேல சுத்தறா.

"பார்த்த கண்ணு, பார்க்காத கண்ணு, போன வருசம் சிரிச்ச கண்ணு, மைக்குப் பிடிச்ச கண்ணு..."

சுத்தச் சுத்த அந்தக் கைமுட்டியிலிருந்து வெள்ளையா பொடி உதிர்ந்து சட்டிக்குள்ள விழுந்துச்சு. கல் உப்பு. இறுக்கின இறுக்குல நொறுங்கியிருக்குது.

"ஏம்புள்ள, என்ன பண்றே?"

அவ பதறலை. "கண்ணு சுத்தறேங்க. அடுப்புல போட்டா வெடிக்கும். இங்க நெருப்பு ஆகாதில்ல, அதான் முச்சந்தியில கொண்டு போய்க் கொட்டிப் போடறேன்."

"எத்தனை நாளா?"

"உங்க கை வெந்ததிலிருந்து."

அப்பத்தான் எனக்கு எல்லாம் வரிசையா விளங்குச்சு. போன வருசத்துக்கும் முந்தின வருச நோம்பியில, பச்சை வாணத்தைப் பத்தவச்சுட்டு நான் விலகறதுக்குள்ள தீ வந்து என் வலது கையை நக்கிட்டுப் போச்சு. ஆஸ்பத்திரியில அவ என் கைக்கு விசிறிக்கிட்டே கிடந்தா. அதுக்கு அடுத்த நோம்பியிலதான் பச்சை மஞ்சளாச்சு. அதுக்கு ஊர் சிரிச்சுது. ஊர் சிரிச்சதுக்காக இவ கூடுதலாச் சுத்தினா. பாய் கவலைப்படக் கவலைப்பட இன்னும் கூடுதலாச் சுத்தியிருக்கா.

டீக்கடையில பார்த்ததை அவகிட்டச் சொன்னேன். உப்புதான் பச்சையைக் கெடுக்குது, இதோட நிறுத்துன்னேன்.

அவ துணியை எடுத்துச் சட்டியை மூடினா. "இத்தனை நாளா உங்களுக்கு ஒரு கொப்புளம் வந்துச்சா?"

"வரலை."

"பச்சை வராட்டிப் போகுதுங்க. நீங்க முழுசா ஊட்டுக்கு வந்தா எனக்குப் போதும். நான் நிறுத்த மாட்டேன்."

பாய்கிட்டச் சொன்னா அவளைத் திட்டுவார். சொல்லாம இருந்தா கொட்டகை போயிரும். என்னைக் காப்பாத்தறேன்னு நிக்கிறவளைக் காட்டிக் கொடுக்கவும் மனசு வரலை. அன்னைக்கு முழுக்க உறைக்குள்ள கையை விட்டுக்கிட்டு உருட்டிக்கிட்டே இருந்தேன்.

சாயங்காலம் கொளுத்தினது நல்ல மஞ்சள். பாய் அந்தச் சாம்பலைப் பார்த்துக்கிட்டே குந்தியிருந்தார். "நாளைக்கே குருமூர்த்திகிட்டச் சொல்லிர்றேன் சுப்பையா. பெட்டியே வாங்கிக்கட்டும். இன்னொருக்கா அந்த மைக்கு முன்னால என்னால நிக்க முடியாது."

வெளக்குமாறோட நின்னிருந்த சாலம்மாள் என்னைப் பார்த்தா. பொறகு அவரைப் பார்த்தா.

"பாய், பச்சையை நான் கொண்டாறேன்."

"நீயா?"

"ஆமாங்க. ஆனா ஒண்ணு. இவரு பத்தவைக்க மாட்டாரு."

"பின்ன யாரு பத்தவைக்கிறது? நானா?"

"அது உங்க பாடுங்க."

அப்பறம் அவளே எல்லாத்தையும் சொன்னா. எங்க நின்னு சுத்தினா, எத்தனை வாட்டி சுத்தினான்னு ஒளிக்காமச் சொன்னா. பாய் தலையில அடிச்சுக்கிட்டார். "கேன் தண்ணி தூக்கித் தூக்கி என் தோளே எறங்கிப் போச்சு. இவனை ஆபரேசன் டாக்டர் மாதிரி உக்கார வச்சேன். ஊறுகாயை விட்டேன். நீ உள்ளயே உப்பளம் நடத்தியிருக்கியே தாயி!"

நான் சிரிச்சுட்டேன். சாலம்மாள் சிரிக்கலை. "சிரிங்க. அந்தக் கையில நான் எத்தனை நாள் சீழு தொடச்சேன்னு உங்களுக்குத் தெரியுமா பாய்?"

பாய் சிரிப்பை நிறுத்தினார். என் கையை அப்பத்தான் பார்க்கிற மாதிரி பார்த்தார். தோல் அங்க இன்னும் சுருங்கித்தான் இருக்கு.

"கடையில ஒயர் கிடைக்குது சாலம்மா," ன்னார். "தூரத்துல நின்னு சுவிச்சை அமுக்கினாப் போதும், வாணம் தானாப் பத்திக்கும். வாங்கணும் வாங்கணும்னு நான்தான் தள்ளிப் போட்டுட்டேன்."

"எத்தனை தூரம்?"

"அந்த வேப்ப மரம் இருக்குதில்ல, அத்தனை தூரம்."

அவ மரத்தைப் பார்த்தா. "வாங்கியாந்து காட்டுங்க. அப்பறம் உப்பை நிறுத்தறேன்."

அடுத்த நாளே பாய் ஒயரோட வந்தார். வெறும் திரியை வச்சுச் சுவிச்சை அமுக்கிக் காட்டினார். சாலம்மாள் இன்னொருக்கா அமுக்கச் சொன்னா. அப்பறம் அவளே ஒருதரம் அமுக்கிப் பார்த்தா. அதுக்குப் பொறகு பழைய மருந்தையெல்லாம் தள்ளிட்டு, புதுசா ஒரு சட்டி சலிச்சோம்.

பூச்சாட்டு அன்னைக்குக் காலையில வீட்டு வாசல்ல வச்சு அவ என்னை உப்பால சுத்தினா. சட்டியைத்தான் சுத்தக்கூடாது, ஆளைச் சுத்தலாம்னு பாய்கிட்டக் கேட்டு வச்சிருந்தா. சுத்தி முடிச்சதும் தலையோட குளிக்கவும் வச்சுத்தான் அனுப்பினா.

பொழுது எறங்கினதும் கோயிலுக்குப் பின்னால இரும்புக் குழாயை மண்ணுல பதிச்சோம். கமிட்டிக்காரங்க வந்து நின்னாங்க. நான் ஒயரை இழுத்துக்கிட்டுப் பின்னால போறதைப் பார்த்து குருமூர்த்தி, "என்னங்க பாய், வாணமா, மைக்செட்டா?"ன்னார்.

பாய் எனக்குத் தலையாட்டினார். நான் அமுக்கினேன்.

ஒண்ணும் நடக்கலை. ஒருத்தர் இருமினார். அப்புறம் குழாய் 'தொம்'னு அதிர்ந்து, வாணம் ஏறி, ரொம்ப மேலே போய் விரிஞ்சுது. பச்சை. கொழுந்துமில்லை, முத்தினதுமில்லை, மழை பெஞ்சு கழுவின வேப்பிலை. கீழே வர வரக் கூட மஞ்சளாகலை. கமிட்டிக்காரங்க முகத்திலயெல்லாம் அந்தப் பச்சை அடிச்சுது. பாய் வாயைத் திறந்துக்கிட்டு நின்னார்.

குருமூர்த்தி கழுத்தைத் தடவிக்கிட்டே, "நோம்பிக்கு இதே மாதிரி ரெண்டு போடுங்க பாய். ஒண்ணு போதாது," ன்னார்.

எனக்குப் பின்னால சாலம்மாள் வந்து என் வலது கையைப் பிடிச்சா. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தா. இடது கையையும் எடுத்துப் பார்த்தா. அப்புறம்தான் தலையைத் தூக்கினா. மேலே புகை மட்டும் கிடந்தது.

"வந்துச்சுங்களா பச்சை?" ன்னு கேட்டா.