கெட்டிலில் தெரிந்தவர்கள்

காலை பத்தரை மணி இருக்கும். ஒரே விற்பவரிடமிருந்து அன்றைக்கு வந்திருந்த அறுபது படங்களில் பதினேழாவதைத் திறந்தபோது, அவள் கெட்டிலுக்குள் ஒரு ஆளைப் பார்த்தாள்.

ஆள் இருப்பது புதிதில்லை. எவர்சில்வர் பாத்திரத்தை யார் படம் எடுத்தாலும் எடுத்தவர் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வார். இணையக் கடையில் கெட்டில் தனியாக, பளிங்கு வெள்ளைப் பின்னணியில், யார் கையும் படாதது போல நிற்க வேண்டும். அதனால் உள்ளே இருப்பவரை அழித்து வெளியேற்றுவதுதான் அவளுடைய வேலை. டயர் கடைக்கு மேலே, மாடியில் பதினோரு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் அந்த அலுவலகத்தில் அவளுக்குப் 'பளிச்சு' என்றே பெயர். எந்த அழுக்குப் படத்தைக் கொடுத்தாலும் அரை மணி நேரத்தில் பளிச்சென்று ஆக்கிவிடுவாள். ஏழு வருடத்தில் எத்தனையோ பேரை அழித்திருக்கிறாள். பனியனோடு நின்றவர்கள், இடுப்பில் துண்டோடு நின்றவர்கள், ஒருமுறை பல் விளக்கிக்கொண்டே குக்கரைப் படம் எடுத்தவர். தாங்கள் தெரிகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்த ஆளை அழிக்கக் கணினித் தூரிகையைக் கொண்டுபோனவள் கையை நிறுத்தினாள். கெட்டிலின் வளைவில் முகம் சுரைக்காய் போல நீண்டிருந்தது. ஆனால் தலையைச் சாய்த்துக்கொண்டு, கோழி தானியத்தைப் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் பார்க்கிற அந்தப் பார்வை! படத்தைப் பெரிதாக்கினாள். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. எதையாவது கவனமாகச் செய்யும்போது நாக்கை அப்படி வெளியே விடுகிற ஒரே ஒருவனைத்தான் அவளுக்குத் தெரியும்.

அண்ணன்.

ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "சாதாரணக் காய்ச்சல்தான், நீ அலைய வேணாம்" என்று இரண்டு நாள் போனில் சொன்னான் அண்ணன். மூன்றாம் நாள் "வா" என்று ஒரே சொல். அவள் வந்து சேர்ந்தபோது அப்பாவைத் துணியில் சுற்றியிருந்தார்கள். உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவள் கத்தினாள்: "எங்கப்பாவை என்கிட்டேர்ந்து திருடிட்டே நீ." அண்ணன் வாயே திறக்கவில்லை. ஒரு சொல் பதிலுக்குச் சொல்லியிருந்தால் சண்டையாகவாவது போயிருக்கும், சண்டைக்கு ஒரு முடிவு உண்டு. அண்ணி மட்டும் அதற்குப் பிறகு இரண்டு தடவை போன் செய்தாள். அவள் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை போன் வரவில்லை. எடுக்காமல் விட்டது அண்ணன்மேல் உள்ள கோபத்தால் என்று முதலில் நினைத்துக்கொண்டிருந்தாள். கோபம் தணிந்த பிறகு அது வெட்கமாக மாறி, போனை எடுப்பதை இன்னும் கஷ்டமாக்கிவிட்டது.

விற்பவரின் பெயர் அவர்களுக்கு வராது, எண் மட்டும்தான் வரும். பாத்திரக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் தனியாகத் தொழில் தொடங்கியிருக்கிறான் போல. அடுத்த படத்தைத் திறந்தாள். அடுத்தது. இருபத்து மூன்றாவதில் அண்ணனுக்குப் பின்னால் இன்னொரு உருவம் தெரிந்தது. வெள்ளைப் படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணி நின்றாள், வெளிச்சத்தைத் திருப்பிவிடுவதற்கு. விரிப்புக்குக் கீழே அவளுடைய வயிறு உருண்டையாக இருந்தது.

படத்தை இன்னும் பெரிதாக்கினாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள். கெட்டிலில் யாருக்குத்தான் வயிறு இல்லை? ஒட்டடைக் குச்சியை நிறுத்தினாலும் பூசணிக்காயாகக் காட்டும். அண்ணனுக்கும்கூட தொப்பை தெரிகிறதே! கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். இரண்டு தடவை தங்காமல் போய், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டிருந்தாள்.

வளைவு இல்லாத பாத்திரம் ஏதாவது இருக்குமா என்று தேடினாள். டம்ளரில் எல்லாரும் குச்சியாகத் தெரிந்தார்கள். கிண்ணத்தில் தலைகீழாகத் தொங்கினார்கள். நாற்பத்தொன்றாவது படம் ஒரு தட்டு. சப்பையான, கண்ணாடி மாதிரியான, பொய் சொல்லாத தட்டு. அதில் அண்ணி ஒரு கையால் விரிப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையை இடுப்புக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து, லேசாகப் பின்னால் சாய்ந்து நின்றாள். ஏழு மாதம் இருக்கும்.

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். படங்களின் நேரத்தைப் பார்த்தாள். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் மூன்றேகால் மணி நேரம். மூன்றேகால் மணி நேரம் அந்தப் பெண்ணை நிற்க வைத்திருக்கிறான், மடையன்!

முறைப்படி அவள் அந்த அறுபதையும் சுத்தம் செய்து அனுப்பிவிடலாம். இருவரையும் தடம் தெரியாமல் துடைத்துவிட்டு மாலையில் வீட்டுக்குப் போகலாம். அதற்குப் பதிலாக, 'மீண்டும் எடுக்கவும்' என்ற பொத்தானை அழுத்தினாள். விற்பவருக்கான குறிப்பில் வழக்கமாக இரண்டு சொல்தான் போடுவார்கள்: 'பிரதிபலிப்பு அதிகம்.' அவள் அதற்குக் கீழே தட்டச்சு செய்தாள்: 'ஜன்னல் ஓரமாக வைத்து எடுக்கவும். வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டுக் க்ளிப் மாட்டவும். துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரை உடனே உட்காரச் சொல்லவும். இந்தச் சமயத்தில் இவ்வளவு நேரம் நிற்கக் கூடாது. கால் வீங்கும்.'

குறிப்பெல்லாம் டீம் லீடரின் பார்வைக்குப் போய்த்தான் வெளியே போகும். அவர் தன் இடத்திலிருந்தே கழுத்தை நீட்டினார்.

"பளிச்சு, யாருக்குக் கால் வீங்கும்?"

"கஸ்டமரோட வீட்டம்மாவுக்கு, சார்."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"தட்டுல தெரியுது, சார்."

அவர் எழுந்து வந்து தட்டைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். விற்பவர்களோடு சொந்தப் பேச்சு கூடாது என்பது கம்பெனியில் முதல் விதி. அதைச் சுவரில் ஒட்டி வைத்தவரே அவர்தான்.

"தெரிஞ்சவங்களா?"

"ஆமா, சார்." கொஞ்சம் பொறுத்து, "தெரிஞ்சவங்கதான்" என்றாள்.

டீம் லீடர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எத்தனையோ குறிப்பைப் படிக்காமலே அனுப்பியிருக்கேன். இதையும் படிக்கலை" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நிமிடத்தில் 'அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தது.

மறுநாள் பதில் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. காலையில் தோசைக்கல் சூடாவதற்குள் பொறுமையிழந்து, வீட்டுக்காரனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டான். "ஆறு வருஷமா நேர்ல பார்க்க மாட்டேன்னே. இப்போ கெட்டில்ல பார்த்துட்டே. கெட்டிலாவது உன் பேச்சைக் கேக்காம உங்கண்ணனைக் காட்டுச்சே" என்றான். சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் அவள் அவனுடைய சாப்பாட்டு டப்பாவை ஓங்கி மூடினாள்.

மூன்று நாளுக்குள் புதுப் படங்களோ பதிலோ வராவிட்டால் அந்த வேலை தானாகவே ரத்தாகிவிடும். பிறகு எண்ணும் போய்விடும், ஆளும் போய்விடுவான். மூன்றாம் நாள் மத்தியானம் விற்பவரின் பதில் பெட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

'துணியைக் கொடியில் போட்டால் காற்றில் ஆடுகிறது. என்ன செய்வது?'

அவ்வளவுதான். அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. துணியின் கீழ் ஓரத்தில் க்ளிப் போட்டுக் கட்டவும் என்று பதில் எழுதப் போனவளின் கண்ணெதிரே, அதற்குக் கீழே இன்னொரு வரி வந்து நின்றது.

'அண்ணி உட்கார மாட்டேன் என்கிறாள். நீ நேரில் வந்து சொன்னால் உட்காருவாளாம்.'

எப்படிக் கண்டுபிடித்தான் என்று அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு தான் அனுப்பிய குறிப்பை மறுபடி படித்துப் பார்த்தாள். உலகத்தில் வேறு யாரும் அவனை அந்த மாதிரி அதிகாரம் செய்ய மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, அதற்கும் கீழே அவன் போட்டிருந்த முகவரிக்குப் போனாள். மூன்றாவது மாடி. படியேறி மூச்சு வாங்க நின்றபோது கதவு தானாகவே திறந்தது. அண்ணி நெளிந்து வளையாமல் நேரே நின்றாள், கெட்டிலில் இல்லாத அண்ணி. முகம் பூசினாற்போல இருந்தது, முன் நெற்றியில் கொஞ்சம் நரை.

"போனை எடுத்திருந்தா உனக்கு இந்த மூணு மாடி மிச்சமாகியிருக்கும்" என்றாள் அண்ணி.

"அண்ணி, நான்..."

"அப்புறம் அழுதுக்கலாம். முதல்ல வந்து உங்கண்ணன் என்ன கூத்து பண்ணி வெச்சிருக்கார்னு பாரு."

அறை முழுக்கப் பாத்திரம். நடுவில் நாற்காலிக்கு நாற்காலி கயிறு கட்டி, விரிப்பைத் தொங்கவிட்டு, அதன் கால்மாட்டில் ஆறு கனமான குக்கர் மூடிகளைப் பாரமாக வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். எழுந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு மூடியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"கத்திரிக்கோல் இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"எதுக்கு?"

"துணியில ஓட்டை போடணும். போன் கேமரா மட்டும் ஓட்டை வழியா எட்டிப் பார்க்கணும். நீ துணிக்குப் பின்னால இருக்கணும். அப்பத்தான் நீ தெரிய மாட்டே."

"புது பெட்ஷீட்டு!"

"போடட்டும், விடுங்க" என்றாள் அண்ணி. அதற்குள் அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்துக் காலுக்கு ஒரு முக்காலியும் போட்டாகிவிட்டது. ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டாள்.

வேலை ஓடியது. துணிக்கு இந்தப் பக்கம் அவள் ஒவ்வொரு பாத்திரமாகத் துடைத்து வைத்தாள், அந்தப் பக்கம் அண்ணன் படம் எடுத்தான். "கைப்பிடி வலப்பக்கம்." "ஆச்சு." "மூடியைக் கொஞ்சம் திருப்பு." "ஆச்சு." இருபது பாத்திரம் போனது. நடுவில் கேமராச் சத்தம் நின்றது. அடுத்த பாத்திரத்தை வைத்துவிட்டு அவள் காத்திருந்தாள்.

"அன்னிக்கு எனக்குப் பயம்" என்றான் அண்ணன். "டாக்டர் முதல் நாளே சொல்லிட்டார். உன்கிட்ட சொன்னா அது நிஜமாயிடும்னு தோணுச்சு. உன்கிட்ட காய்ச்சல்னு சொல்லச் சொல்ல, எனக்கே காய்ச்சல்தான்னு இருந்துச்சு. அவ்வளவுதான். வேற காரணம் இல்லை. இதைப் போய் அத்தனை பேர் நடுவுல எப்படிச் சொல்றது?"

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ள அவளுக்குக் கிடைக்காத இரண்டு நாள் கிடைக்காததுதான், இனி யார் என்ன சொன்னாலும். ஆனால் அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்றிருந்தவன் திருடன் இல்லை என்பது இப்போது தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அண்ணி இருவருக்கும் நடுவில், எந்தப் பக்கமும் பார்க்காமல், மும்முரமாக ஒரு டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா என்ன சொன்னார், கடைசியா?" என்று கேட்டாள்.

"உனக்குச் சொல்லிட்டியான்னு கேட்டார். சொல்லிட்டேன்னேன்."

கீழே தெருவில் யாரோ கேட்டை இழுத்துச் சாத்தினார்கள்.

"அண்ணா."

"ம்."

"மூடி கோணலா இருக்கு. நேரா வெச்சிருக்கேன். எடு."

கேமரா மறுபடி சத்தம் போட்டது.

மாலை ஐந்தரைக்கு அறுபதும் முடிந்தது. வலி எடுத்ததும் தனக்குத்தான் முதல் போன் வர வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னாள். "அப்போவாவது எடுப்பியா?" என்றாள் அண்ணி. அண்ணன் பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தான். வழியெல்லாம் தட்டுக்கு எந்தக் கோணம் நல்லது என்பதைப் பற்றியே பேசினான். ஸ்டாப்பில் நல்ல கூட்டம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பஸ்கள் வந்து நின்றன. ஆட்கள் முண்டியடித்ததில் அவளைப் பின்னால் நின்ற பஸ்ஸுக்குள் தள்ளிவிட்டார்கள். நல்ல வேளை, அதுதான் அவளுடைய பஸ். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்து வெளியே பார்த்தாள்.

அண்ணன் முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஜன்னலாகத் தேடிக்கொண்டு, கூடவே நடந்துகொண்டு, குதிகாலை எம்பிக்கொண்டு ஆட்டினான். "அண்ணா, இங்கே!" என்று அவள் கூப்பிட்டது ஹாரன் சத்தத்தில் காணாமல் போயிற்று. முன் பஸ் நகரத் தொடங்கியது. அதன் கடைசி ஜன்னலில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெரியவர், அண்ணனை ஒரு கணம் குழப்பத்தோடு பார்த்தார். பிறகு மெல்லத் தன் கையை வெளியே நீட்டி, அவரும் ஆட்டினார்.