அம்மைக்காகப் போட்ட பூட்டு

காலை ஏழு மணிக்கு டோக்கன் திறக்கும். ஆட்கள் போனை எடுத்துக் குத்தத் தொடங்கினதும் வெப்சைட் படுத்துவிடும். ஒரு வாரமாக இதே கூத்துதான். கொல்லயில் என்கிற ஊரில் தன் வீட்டு அடுக்களை மேசையில் லேப்டாப்பை விரித்து வைத்து, ரெஜிலா அது படுப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் விடாத கட்டஞ்சாயா ஆறிப்போவதும் தினமும்தான்.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் உள்ள சின்ன ஆஸ்பத்திரிகளில் டாக்டரைப் பார்க்க டோக்கன் எடுக்கிற வெப்சைட் அது. நடத்துகிறவர் ராபின்சன், ஆபீஸ் நெய்யாற்றின்கரையில். ரெஜிலா அவரிடம் சர்வரைக் கவனிக்கிற வேலை. கணவன் ஷிஜு பைக்கிலிருந்து விழுந்து, காலுக்குள் கம்பி வைத்துக் கட்டிலில் கிடக்கிறான். கக்கூசுக்குப் போகக்கூட அவள் தோள் வேண்டும். அதனால்தான் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அவளை விட்டிருந்தார்.

பழைய சர்வரில் நாலு கோர். நாலு ஆள் ஒரே நேரத்தில் வேலை செய்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கூடினால் அது மூச்சு வாங்கும். பதினாறு கோர் உள்ள மெஷினை எடுத்தால் தொல்லை தீரும் என்று சொன்னதே ரெஜிலாதான். அவரும் நம்பி எடுத்தார். பழையது நொண்டிக்கொண்டாவது போனது. புதியது தவழ்ந்தது.

சனிக்கிழமை அவர் போனில் சத்தம் போடவில்லை. அமைதியாகவே சொன்னார்.

"நீ சொன்ன மெஷினாக்கும் அது. திங்கக்கிழமையும் நின்னா, நீ ஆபீசில வந்து இருக்கணும். வீட்டில இருந்து பாத்தது போதும்."

கட்டிலில் கிடந்தபடி ஷிஜு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். "பதினாறு பேர வேலைக்கு விட்டும் பணி நடக்கல்லியாக்கும்? மேஸ்திரிமாருகூட இப்பிடி ஏமாத்தமாட்டானுவ பிள்ளே."

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கஞ்சியை அவனுக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள். சோதனைக்கென்று அதே மாதிரி இன்னொரு மெஷினை வாடகைக்கு எடுத்து, பொய்யாக ஆயிரம் ஆட்களை உண்டாக்கி டோக்கன் கேட்க விட்டாள். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே கிடந்தது. ஆனால் மெஷினுக்குள் பார்த்தால் பதினாறு கோரும் பாதிக்கு மேல் சும்மா இருக்கின்றன. விவரமெல்லாம் இருக்கிற டேட்டாபேஸ் கொட்டாவி விடுகிறது. மெமரி தாராளம். நெட் லைனிலும் குறையில்லை. வெளியே கூட்டம் நெரிகிறது, உள்ளே வேலைக்காரர்கள் கை கட்டி நிற்கிறார்கள்.

பிறகு தலைகீழாகச் செய்து பார்த்தாள். கோர்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். எட்டாக்கினாலும் வேகம் குறையவில்லை. இரண்டாக்கினாலும் குறையவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கூடவே செய்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆள் போதாமல் இல்லை. எங்கேயோ ஒரு வாசல் இருக்கிறது, ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடுகிறது. ஆள் கூடினால் வாசலில் முட்டலும் தள்ளலும் கூடும், அவ்வளவுதான்.

எல்லாரும் எங்கே நிற்கிறார்கள் என்று, ஓடுகிற புரோகிராமை அப்படியே நிறுத்திப் படம் எடுத்த மாதிரி எடுத்துப் பார்த்தாள். டோக்கன் கேட்டவற்றில் ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் புரோகிராமின் ஒரே வரியில் காத்துக் கிடந்தன. அந்த வரிக்கு மேலே தமிழ் எழுத்தில் ஒரு குறிப்பு: 'அம்மைக்காக. இத யாரும் எடுக்கப்பிடாது.'

ராபின்சன் தன் கையால் எழுதினது. கதை ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பக்கத்து ஆட்களில் தமிழ் வாசிக்கிறவர்களும் உண்டு, மலையாளம் வாசிக்கிறவர்களும் உண்டு. அதனால் வெப்சைட் இரண்டிலும் வரும். தொடங்கின புதிதில் ஒருவர் தமிழைத் தொடுகிற நேரம் இன்னொருவர் மலையாளத்தைத் தொட்டால், இரண்டும் கலந்து வந்துவிடும். அவரைப் பெற்ற அம்மை சரோஜம் கண் டாக்டருக்கு டோக்கன் குத்தப்போய், பாதி மலையாளமாக வந்த பக்கத்தில் எதையோ தொட்டு, பல் டாக்டர் வாசலில் போய் உட்கார்ந்திருந்தாள். சர்ச்சுக்கு வந்த எல்லாரிடமும் மகனைப் பற்றி அதைச் சொன்னாள். மானம் போன ராபின்சன் அன்றைக்கே ஒரு பூட்டுப் போட்டார்: ஒருவருக்குப் பக்கம் முழுதாகத் தயாராகிற வரைக்கும் அடுத்தவருக்குத் தொடங்கக் கூடாது. கூட்டம் இல்லாத காலத்தில் அது யாருக்கும் தெரியவில்லை.

ரெஜிலா போன் போட்டு, அந்தப் பூட்டை எடுக்கவேண்டும் என்றாள். அவர் ஒரேயடியாக மறுத்தார். அம்மை மறுபடியும் பல் டாக்டரிடம் போனால் தான் வீட்டில் ஏற முடியாது என்றார். அவள் சலிக்காமல் விளக்கினாள், சலிப்பைக் காட்டாமல் என்றுதான் சொல்லவேண்டும்.

"இப்போ எல்லாருக்கும் சேத்து ஒரே பலகையில மொழி எழுதி வச்சிருக்கு சாரே. அதுக்குத்தான் பூட்டு. ஆளாளுக்கு அவியவியளுக்க கையிலயே மொழியக் குடுத்துவிட்டா கலந்துபோவாது. பூட்டும் வேண்டாம்."

 கடைசியில் அவர், "திங்கக்கிழம அம்மையத்தான் டோக்கன் குத்தச் சொல்லுவேன். பிசகிச்சுதுன்னா நீ ஆபீசுக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆராதனைக்குப் போகவில்லை. புரோகிராமில் மொழியைப் பொதுப் பலகையில் தேடுகிற இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி மாற்றினாள். கழுத்து பலகையாகிவிட்டது. கடைசியாகப் பூட்டை எடுத்தாள். அந்தக் குறிப்பை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

திங்கள் காலை கூட்டம் வந்தது. பதினாறு கோரும் ஒன்றுபோல எழும்பின, இறங்கின, மறுபடி எழும்பின. வெப்சைட் நின்றது, கீழே விழாமல். போன் அடித்தது.

"அம்மைக்கு கிட்டிச்சு. கண்ணு டாக்டராக்கும். முழுக்கத் தமிழு." அவர் தொண்டையைச் செருமினார். "அப்போ ரெஜிலா, அந்தப் பழைய மெஷினே போதுமாயிருந்ததில்லியா?"

பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும். அவளிடம் அது இல்லை.

"போதுமாயிருந்தது சாரே."

"செரி. நீ அங்கயே இரி. இங்க வந்தா இதவிடப் பெரிய மெஷின் கேப்பே."

அவள் லேப்டாப்பின் பக்கத்திலேயே தலையைச் சாய்த்தாள். கண் மூடினதுதான் தாமதம், கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"தீந்துதா பிள்ளே? கொஞ்சம் பிடிச்சு எழுப்பி விடுதியா?"

"வாறேன்" என்று எழுந்துபோய்த் தோளைக் கொடுத்தாள்.