தீர்ப்பான வழக்கு

சட்டமன்ற வராந்தாவில் மனுவும் கையுமாக அலையும் அவள் எல்லோருக்கும் 'மனு அக்கா'. எந்த உறுப்பினர் எந்த வாசலில் நழுவுவார், யாருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசினால் எரிச்சல் வரும், எல்லாம் அத்துப்படி. என்ன பிரயோஜனம்? செருப்புத் தேய்ந்ததே தவிர ஒரு பயலும் அசையவில்லை. பிரிந்துபோன புருஷனிடமிருந்து தாய் தன் பிள்ளையைக் கேட்டு வாங்க ஒரு சட்டம், அவ்வளவுதான் அவள் கேட்டது. என்னமோ அவர்கள் சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்த தையல்காரி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் காற்று மாறியது. அவள் மகளைப் புருஷன் வீட்டார் தூக்கிக்கொண்டு போனவர்கள்தான், கண்ணில்கூடக் காட்டவில்லை. கோர்ட்டும் பிள்ளை அப்பனுக்குத்தான் என்று தீர்ப்புச் சொல்லிக் கைவிரித்துவிட்டது. அறை அறையாகப் போய் அதைச் சொல்லி அழுதாள். சிலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

ஓட்டெடுப்பன்று காலையில் ஆளுங்கட்சிக் கொறடா மனு அக்காவை ஓரங்கட்டினார்.

"ஏற்கெனவே தீர்ப்பான வழக்கைத் திறக்கக் கூடாதுன்னு ஒரு வரி சேர்க்கணும். சேர்த்தா எங்க ஆளுங்க கை தூக்குவாங்க. இல்லன்னா இந்த ஜென்மத்துல நடக்காதும்மா."

மனு அக்கா "சரி" என்றாள்.

சட்டம் நிறைவேறியது. பார்வையாளர் மாடியிலிருந்து தையல்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அக்கா! எப்போ போய்க் கூட்டிட்டு வரலாம்? இப்ப எவ்வளவு வளர்ந்திருப்பாளோ தெரியல, கவுனைப் பெருசாவே தைச்சு வெச்சிருக்கேன்."

சொல்லித்தானே ஆகவேண்டும்? சொன்னாள். அந்த வரியையும் சொன்னாள், யார் ஒத்துக்கொண்டது என்பதையும் சொன்னாள்.

தையல்காரி கையை எடுத்துக்கொண்டாள்.

"சரின்னு சொன்னப்போ என் ஞாபகம் வரலையாக்கா?"

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். மந்திரிகளிடம் எத்தனை பொய் சொன்ன வாய்! அன்றைக்குப் பார்த்து மக்கர் பண்ணியது.

"வந்துச்சும்மா."

"வந்துமா?"

அதற்குள் கொறடா பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார். "ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க, பத்திரிகைக்காரங்க படம் எடுக்கணுமாம். இந்தம்மா கதைதானே எங்க மனசையே மாத்துச்சு!"

தையல்காரி படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். மனு அக்கா கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? படத்துக்குக் கொறடாவின் பக்கத்தில் போய் நின்றாள்.