நடுவில் விட்ட இடம்

சொர்ணலதா துணிப்பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். நான்கு உடுப்புகள் விழுந்தன. எல்லாம் ஒரே நிறம், பழுத்த பப்பாளியின் சதை நிறம். அவளுக்கு ஒரு சேலை. அவள் கணவன் ஈஸ்வரபாண்டிக்கும் அப்பா சுருளியாண்டிக்கும் சட்டைகள். குழந்தைக்கு ஒரு குட்டிக் கோட்டு.

தம்பி மனைவி ஜோதிலட்சுமி மகன் அருண்பாண்டியை இடுப்பில் வைத்தபடி நின்றாள். அடியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று பையைத் தூக்கி உள்ளே பார்த்தாள்.

"என்னத்தத் தேடுற?"

"எனக்கு எது மதினி?"

"ஒனக்கு எதுக்கு? நீ கேமராவுக்குப் பின்னாடி நின்னு புள்ளைக்கு வெளையாட்டுக் காட்டப் போற. இருக்குறதுல நல்லதா ஒண்ணக் கட்டிக்க."

சொர்ணலதா கெட்டவள் அல்ல. தம்பி தங்கப்பாண்டி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்போடு கம்பம்மெட்டு வளைவில் உருண்டு செத்தபோது, ஜோதி ஆறு மாத கர்ப்பிணி. அன்று அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று சண்டை போட்டவள் சொர்ணலதாதான். அதை இன்றும் சொல்வாள். "வெள்ளைச் சேலை கட்டச் சொன்னமா? மூலையில உக்கார வச்சமா? வேலைக்கே அனுப்புறோம்." எல்லாம் உண்மை. அல்லிநகரத்து வீட்டில் ஜோதியை யாரும் கடிந்து பேசியதில்லை. நல்ல காரியம் வரும்போது மட்டும் அவளுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை இருக்கும். பெயர் வைத்தபோது இருந்தது. மொட்டை எடுத்தபோதும் இருந்தது.

போட்டோவும் அந்தக் கணக்கில் வரும் என்று அவள் நினைக்கவில்லை. ஸ்டுடியோக்கார ஸ்டான்லி போனில் சொன்னதையெல்லாம் ஒரு வாரமாகச் செய்தது அவள்தான். கேக்கின் க்ரீம் புதிதாகக் கையில் பட்டால் குழந்தைகள் மிரளும், முன்கூட்டியே பழக்குங்கள் என்றிருந்தான். முதல் நாள் விரலில் ஒட்டியதைப் பார்த்து அருண்பாண்டி வீறிட்டான். பிறகு தொட்டான், பிறகு நக்கினான். படம் எடுக்கிற நேரத்துக்குச் சுணங்காமல் இருக்க, அவனுடைய காலைத் தூக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குத் தள்ளினாள். அப்படித் தள்ளிய ஒவ்வொரு காலையிலும், படத்தில் தான் எந்தப் பக்கம் உட்காருவோம் என்றும் யோசித்திருந்தாள்.

"போட்டோதான மதினி," என்றாள்.

"போட்டோதான் காலத்துக்கும் நிக்கும். மொத பொறந்தநாளு. பெருசாக்கி நடுவீட்டுல மாட்டப் போறோம். பாக்குறவுக என்ன சொல்வாக?"

சுருளியாண்டி புதுச்சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்தார். "கோவிச்சுக்காத ஆத்தா. புள்ளை நல்லதுக்குத்தான சொல்றா."

அவர் எப்போதும் தணிந்த குரலில்தான் பேசுவார். அதனாலேயே அவரிடம் மறுத்துப் பேசுவது கடினம். ஜோதி குழந்தைக்குக் கோட்டு மாட்டினாள்.

ஸ்டுடியோ தேனியில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது. பலூன் வளைவு, மரப்பெட்டிகள், கேக். எல்லாம் அதே பப்பாளி நிறம். ஸ்டான்லி சுறுசுறுப்பான இளைஞன்.

"அப்பா போட்டோ கொண்டாந்தீகளா? மொகம் தெளிவா இருந்தாப் போதும்க்கா, மத்ததைக் கம்ப்யூட்டர்ல போட்டுக்கிருவேன். நடுவுல ஒரு ஆள் எடம் மட்டும் விட்டு நில்லுங்க."

நடுவில் ஒரு முக்காலி போட்டான். அதற்கு வலப்பக்கம் சுருளியாண்டி, இடப்பக்கம் மகளும் மருமகனும். முன்னால் தரையில் குழந்தையும் கேக்கும். ஜோதி கிலுகிலுப்பையோடு கேமராவுக்குப் பின்னால்.

அருண்பாண்டி ஒரே நிறத்தில் நின்ற மூவரையும் திரும்பிப் பார்த்தான். உதடு பிதுங்கியது. கேக்கை இடித்துத் தள்ளிவிட்டு, கேமராவை நோக்கித் தவழ்ந்தான். சொர்ணலதா தூக்கி உட்கார வைத்தாள். மறுபடி தவழ்ந்தான். மறுபடி தூக்கினாள். அவன் வில்லாக வளைந்து கத்தினான்.

"ஏலே, அத்தைடா! அத்தைகிட்ட என்னடா அழுக?"

ஈஸ்வரபாண்டி கையைத் தட்டிக் குயில் மாதிரி கூவினான்.

"நீங்க சும்மா இருங்க. ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் அவன் இந்தக் கத்து கத்துறான்."

கேக்கின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஸ்டான்லி அதைக் கரண்டியால் தடவிச் சரிசெய்தான். "அடுத்த பார்ட்டி கீழ வந்து நிக்கிறாக அக்கா. அம்மா மடியில வச்சாத்தான் ஆகும் போல. அம்மா யாரு?"

சொர்ணலதா குழந்தையின் கோட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"நாந்தான்," என்றாள் ஜோதி, அவனுக்குப் பின்னாலிருந்து.

"அவ வேணாம் தம்பி. எங்கள்ல அது பழக்கமில்ல," என்றாள் சொர்ணலதா.

ஜோதிக்கு அப்போது கோபம் வந்ததா என்றால், இல்லை. காலையிலிருந்து நின்ற கால்கள் வலித்தன. குழந்தை அழுது அழுது இருமத் தொடங்கியிருந்தான். அவள் மாமனாரைப் பார்த்துக் கேட்டாள், ஒரு சந்தேகம் கேட்பதைப் போல.

"மாமா, அத்தை போயி மூணு வருசமாச்சு. நீங்க நிக்கலாமா?"

சுருளியாண்டி சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆம்பளைக்கு அதெல்லாம் பாக்க மாட்டாக ஆத்தா," என்றார். வழக்கமான அதே தணிந்த குரல்தான். ஆனால் சொன்ன பிறகு அவளைப் பார்க்காமல் பலூன்களைப் பார்த்தார்.

ஜோதி கிலுகிலுப்பையை மேசையில் வைத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு விட்ட எடந்தான? நான் உக்காந்துக்கிறேன்."

அழுகை விக்கலாக மாறி நின்றது. ஸ்டான்லி கேக்கை ஒரு பெட்டிமேல் ஏற்றி, அவர்கள் முன்னால் நகர்த்தினான். அருண்பாண்டி இரண்டு கைகளையும் அதில் அமுக்கினான். ஒரு கொத்தை எடுத்து அம்மா வாயில் திணித்தான். பிறகு தன் வயிற்றை அணைத்திருந்த அவள் விரல்களைப் பற்றிக்கொண்டு சிரித்தான். கேமரா விடாமல் மின்னியது. யாரும் அவளை எழுப்பவில்லை. படம் நன்றாக வந்துகொண்டிருந்தது.

முடிந்ததும் அவள் குழந்தையைக் கழுவப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டபின் சொர்ணலதா ஸ்டான்லியிடம் போனாள்.

"தம்பி, அவளை எடுத்துற முடியுமா?"

"எடுத்துரலாம்க்கா. ஆனா புள்ள அவுக மடியில இருக்கான். எடுத்தா அந்தரத்துல தொங்குவான்."

"என் தம்பிய அங்கன உக்கார வச்சுருங்க. அவன் மடியில இருக்குற மாதிரி."

சுருளியாண்டிக்கும் இது கேட்டது. அவர் செருப்பைத் தேடினார்.

பிறந்தநாளன்று மதியம் படம் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஜோதி அடுப்படியில் குழந்தைக்குப் பருப்புச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். இடது கையால் போனை எடுத்துத் திறந்தாள்.

தங்கப்பாண்டி ஒருநாளும் போட்டிராத நிறத்தில் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் மகன். ஸ்டான்லி அவள் முகத்தை எடுத்திருந்தான், தோளை எடுத்திருந்தான், சேலையை எடுத்திருந்தான். குழந்தையின் விரல்களோடு பின்னிக்கிடந்த கைகளை மட்டும் பிரிக்க முடியவில்லை போலிருக்கிறது. மணிக்கட்டு வரை சட்டைக் கையை இழுத்து வரைந்துவிட்டு அப்படியே விட்டிருந்தான். நகக்கண்ணில் க்ரீம் கூட அழியவில்லை.

செய்திகள் வந்துகொண்டே இருந்தன. மயிலாடும்பாறைச் சித்தி குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அப்பன் எப்படி அணைச்சுப் பிடிச்சிருக்கான் பாருங்க! எனக்கு அழுகையா வருது." தேவதானப்பட்டிப் பெரியப்பா எழுதியிருந்தார்: "தங்கப்பாண்டி கையி அப்படியே இருக்கு." சொர்ணலதா கைகூப்பும் படங்களை வரிசையாகப் போட்டிருந்தாள்.

முன்னறையில் சுருளியாண்டி பக்கத்து வீட்டுக்காரரிடம் போனை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "பாருங்கய்யா, எம் மகன் எப்படி வச்சிருக்கான்னு."

ஜோதி கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். குழுவில் எழுதினாள்.

"அது என் கை."

ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள். முன்னறையில் பேச்சு நின்றது.