தூக்கி நிறுத்திய வோல்வோ

கராஜிலிருந்து ஹாரன் சத்தம் நீளமாகக் கேட்டதும் ராக்னர் கையிலிருந்த காப்பியைச் சிந்திவிட்டார். அவருடைய பழைய வோல்வோ கார் அக்டோபரிலிருந்து நான்கு தாங்கிகளின் மேல், சக்கரம் தரையில் படாமல், குளிர்காலம் முடியக் காத்திருந்தது. பேட்டரியைக்கூடக் கழற்றி நிலவறையில் வைத்திருந்தார். அது இல்லாமல் ஹாரன் எப்படி அடிக்கும்?

நிலவறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். பேட்டரியைக் காணோம்.

கண் பார்வை போதாதென்று அவருடைய லைசென்ஸை ரத்து செய்ததிலிருந்து ஒரே பயம்தான் அவரை அரித்தது. ஓட்ட ஆளில்லாத காரை மனைவி குன்வோர் விற்றுவிடுவாள். இதோ, யாருக்கோ காட்டிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி நடந்து, கராஜ் கதவைத் திறந்தார். குன்வோர் கம்பளித் தொப்பியோடு ஓட்டுநர் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"கார வாங்க வந்தவன எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

"டிக்கியில பாரு. செருப்போடயா பனியில வந்த? புத்தி இருக்கா உனக்கு?"

"பேச்ச மாத்தாத. பேட்டரிய எதுக்கு மாட்டின?"

"எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்குன்னு பாக்கத்தான். முழங்கை ஹாரன்ல பட்டுடுச்சு."

"நாப்பத்தாறு வருஷமா பக்கத்து சீட்டுல தூங்கிட்டு வந்தவளுக்கு இப்ப ஸ்விட்ச் எதுக்கு?"

குன்வோர் கிளட்சை மிதித்து, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கியரை இரண்டாவதுக்குத் தள்ளினாள்.

"சக்கரம் அந்தரத்துல இருக்கறப்பவே பழகிட்டா எதுலயும் மோத மாட்டேன் பாரு. ஏப்ரல்ல எனக்கு லைசென்ஸ் டெஸ்ட், ராக்னர்."