அண்ணனின் கழுத்து

மாதேஷ் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் அவன் அம்மா மாரம்மாவுக்குப் பொறுக்காது.

"அப்படி உக்காராதடா. சென்னப்பனே வந்து உக்காந்த மாதிரி இருக்குது."

சென்னப்பன் அவனுடைய அண்ணன். 2006இல் ஒருநாள் ஓசூரிலிருந்து வந்த கம்பெனி பஸ்ஸைவிட்டுப் பாகலூரில் இறங்கியவன், தலை வலிக்கிறது என்று சொல்லி அங்கேயே சரிந்தான். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஊரோ, வழியில் ஏதோ பேய் அடித்துவிட்டது என்றது. சாவதற்கு முன்பே அவன் பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தது.

மறுவருடம் அதே கருப்பு மாதேஷின் கழுத்தில் இறங்கியது. மாரம்மா பீர்க்கை நாரால் தேய்த்துப் பார்த்தாள். தோல் எரிந்ததுதான் மிச்சம். சவரம் செய்யும்போது அண்ணன் பின்னால் நிற்பதுபோல் மாதேஷுக்குத் தோன்றும். திரும்பிப் பார்க்க மாட்டான்.

மாதேஷ் வேலை செய்யும் கம்பெனியில் மருத்துவ முகாம் வைத்தார்கள். பிரஷர் நூற்றெழுபது இருந்தது. டாக்டரம்மா அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அழுக்குங்க மேடம். தேய்ச்சாலும் போவல."

"அழுக்கு இல்லீங்க. உங்க உடம்பு இன்சுலின் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. அதனால இன்சுலின் இன்னும் அதிகமா சுரந்து, கழுத்துத் தோலைக் கறுக்க வைக்குது. ரத்தத்துல இன்சுலின் கூடினா, கிட்னி உப்பை வெளிய விடாம பிடிச்சு வெச்சுக்கும். பிரஷர் ஏற அதுவும் ஒரு காரணம்."

"சுகர் இல்லைன்னாங்களே?"

"இன்னும் வரல. அதுக்கு முன்னாடியே இதெல்லாம் ஆரம்பிச்சிடும்."

"எங்கண்ணனுக்கும் இப்படித்தான் இருந்துச்சுங்க."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "இப்ப எப்படி இருக்காரு?"

"மூளையில ரத்தக் குழாய் வெடிச்சுப் போயிட்டாருங்க" என்றான் மாதேஷ். "அம்மாவையும் ஒருதடவை கூட்டிட்டு வாங்க" என்றார் அவர்.

மாத்திரையும் நடையுமாக மாதேஷின் பிரஷர் இறங்கியது. மாரம்மாவோ, "எனக்கென்ன நோவு?" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் அழுததால்தான் போனாள். அவளுக்கு மகனைவிடப் பிரஷர் அதிகம். சர்க்கரையும் வந்திருந்தது. குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது, மூத்த மகனின் மூளைக் குழாய் வெடித்ததும் இதனால் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் மாரம்மா கேட்டாள்:

"அப்ப என் ரத்தத்துல இருந்துதான் அவனுக்குப் போச்சாடா?"

"அப்பல்லாம் யாருக்கும் தெரியலியேம்மா."

அவள் மனதைத் தேற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அன்றுமுதல் மாத்திரையைத் தவறவிட்டதில்லை. வாயில் போடும் முன் சென்னப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம், வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தபடியே மாதேஷ் வாசலைப் பார்த்துவிடுவான்.