ஓதம் பார்த்து வந்த பாட்டில்

"மூணு மணி ஆவப்போவுது, வாங்கம்மா!" என்று சுரேந்தர் கூப்பிட்டான். ராணியம்மாள் மீன்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உப்பனாற்றங்கரைக்கு நடந்தாள்.

2008ஆம் ஆண்டு அது. கடலூரை ஒட்டியிருந்த ஒரு ரசாயனக் கம்பெனி வாசலில் போர்டு வைத்திருந்தது: 'கழிவுநீரில் ரசாயனம்: சட்டம் அனுமதிப்பதில் பாதிதான் எங்கள் அளவு.' யாரும் கேட்காமல் தாங்களே போட்டுக்கொண்ட விதி. அந்தக் கம்பெனிக்காக வாரம் ஒருமுறை ஆற்றுநீரை எடுத்துச் சோதிப்பவன் சுரேந்தர். குப்பத்துச் சாட்சியாக ராணியம்மாள் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை ஆற்றில் இறங்கவிடுவது என்று தாய்மார்கள் காத்திருந்தார்கள்.

இதே ஆற்றில் இடுப்பளவு நின்று இறால் தடவிய அவள் புருஷன் சடையப்பன், உடம்பெல்லாம் புண்ணாகி, போன வருஷம் மாசியில் போய்ச் சேர்ந்தான். தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. அன்றிலிருந்து, கேட்காமல் வரும் நல்லதை அவள் மோந்து பார்க்காமல் வாங்குவதில்லை. போன வாரமும் கையெழுத்துப் போடாமல் நழுவியிருந்தாள்.

சுரேந்தர் பாட்டிலோடு குனிந்தான். கடலிலிருந்து ஓதம் ஏறி ஆறு ததும்பிக்கொண்டிருந்தது.

"தம்பி, போன வாரம் பௌர்ணமி. காலைல ஒம்போது மணிக்கு வந்த. இன்னிக்கு ஏன் மூணு மணி?"

"மேனேஜர் டைம் எழுதிக் குடுக்குறாரும்மா."

"ஒங்க மேனேஜர் ஆபீசுக்குப் போறாரா, வலை வீசப் போறாரா? ரெண்டு நாளும் ஓதம் நெறஞ்ச நேரமா பாத்து எழுதியிருக்காரே! கடல்தண்ணிய ஊத்திக் கழுவிட்டு சுத்தம்னு சொல்றதா? நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வா. வத்திக் கெடக்கும், மொண்டு பாரு."

சுரேந்தர் பையிலிருந்த பழைய சீட்டுகளைப் புரட்டினான். ஒரு வாரம் காலை, மறு வாரம் மதியம்; எல்லாமே ஓதம் நிறையும் நேரம். அவன் முகம் சுருங்கியது.

மறுநாள் மேனேஜரைக் கேட்காமலேயே வந்தான். சேற்றுக்கு நடுவே மஞ்சளாக ஓடிய தண்ணீரை எடுத்துப் போனான். மாலையில் நோட்டோடு திரும்பினான்.

"சட்டத்துக்குள்ளதான் இருக்கும்மா. ஆனா எங்க போர்டுல இருக்கறத தாண்டிடுச்சு. 'எதுக்குடா எழுதுன?'ன்னு மேனேஜர் குதிச்சாரு. அழிக்க முடியாதுன்னுட்டேன்."

ராணியம்மாள் நோட்டில் எழுதியிருந்த அந்த அளவுக்குக் கீழே முதல்முறையாகக் கையெழுத்துப் போட்டாள். பிள்ளைகள் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று சொல்லப் புறப்பட்டவள், நின்று திரும்பினாள்.

"சட்டத்தவிட ஒசத்தியா விதி வெச்சா மட்டும் பத்தாது தம்பி. எப்ப அளக்கறதுன்னு பாதிக்கப்பட்டவன் சொல்லணும். அவன் சொல்ற நேரத்துல அளந்தாதான் அது விதி. இல்லன்னா வாசல்ல அடிச்ச பெயின்ட்டு."